பஞ்சத்து வருஷத்தில் பிறந்த பாட்டு

மார்கழி பிறந்தால் எங்க ஊரில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. விடியக்காலம் கோயில் மைக்கில் திருப்பாவை. ராத்திரி ஆனால் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஆர்மோனியத்தோட வீடு வீடாக கேரல் பாடி வருவாங்க. அந்தப் பாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடிச்சது 'சைலண்ட் நைட்'. உலகம் முழுக்கப் பாடுற பாட்டுதான், நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனால் அதோட கதையைப் படிச்ச பிறகு அது எனக்கு இன்னும் நெருக்கமாயிடுச்சு. ஏன்னா அது வெள்ளாமை பொய்த்த ஒரு வருஷத்தில் எழுதினது. ஊர் ஊராகச் சுமந்துக்கிட்டுப் போனதும் நம்மள மாதிரி கிராமத்து ஆளுங்கதான்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதோட சாம்பலும் புகையும் வானத்தில் பரவி வெயிலை மறைச்சதில், அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. 1816-ஐ 'கோடை இல்லாத வருஷம்' என்றே சரித்திரத்தில் எழுதி வச்சிருக்காங்க. விடாத மழை, மலைப்பக்கம் கோடையிலேயே பனி. தானியம் முற்றாமல் நின்ற இடத்திலேயே அழுகியது. ரொட்டி விலை ஏறியது. அடுத்த வருஷம் பல ஊர்களில் பட்டினி. அறுவடை நேரத்தில் நாலு நாள் மழை பிடிச்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ஒரு பருவம் முழுக்க அப்படின்னா யோசிச்சுப் பாருங்க.

அந்த வருஷம் ஆஸ்திரிய மலைக்குள்ள, கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிற மரியாஃபார் என்ற சின்ன ஊரில், ஜோசப் மோர் உதவிப் பாதிரியாராக இருந்தார். வயசு 23 தான். சால்ஸ்பர்க் நகரத்தில் கம்பளி பின்னிப் பிழைத்த ஒரு ஏழைப் பெண்ணின் மகன். அப்பா ஒரு சிப்பாய், படையை விட்டு ஓடிப் போனவர். முறையான கல்யாணத்தில் பிறக்காத பிள்ளை என்பதால், பாதிரியாராவதற்கே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பையனுக்கு நல்ல குரல் இருப்பதைப் பார்த்து, தேவாலயப் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் படிக்க வச்சார்.

நெப்போலியன் யுத்தம் அப்பதான் முடிஞ்சிருந்தது. சண்டை ஓய்ந்த கையோடு பசி. அந்த 1816-ல்தான் மோர் இந்தக் கவிதையை எழுதினார். அதில் பசி என்றோ யுத்தம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. மொத்தம் ஆறு சரணம். இப்ப பெரும்பாலும் மூணுதான் பாடுறாங்க. விட்டுப்போன சரணங்களில் ஒன்று, உலகத்து ஜனங்கள் எல்லாரையும் இயேசு சகோதரனாக அணைத்துக்கொண்டதைச் சொல்லுது. இன்னொன்று, ஆண்டவர் கோபம் தணிந்து உலகத்துக்கு இரங்குவதாக ஆதியிலேயே வாக்குக் கொடுத்ததைச் சொல்லுது. யுத்தத்தையும் பஞ்சத்தையும் பார்த்த ஜனங்களுக்கு அந்த ரெண்டு சரணமும் எப்படிக் கேட்டிருக்கும்!

அடுத்து மோர் போன ஊர் ஓபெர்ண்டோர்ஃப். சால்சாக் ஆற்றங்கரை ஊர். உப்புப் படகு ஓட்டித்தான் அங்கே பிழைப்பு. அக்கரையில் இருக்கும் லாஃபெனும் இதுவும் ஒரே ஊராக இருந்தவை. 1816-ல் ஆற்றையே எல்லையாக வச்சு அந்தப் பக்கம் பவேரியா, இந்தப் பக்கம் ஆஸ்திரியா என்று பிரிச்சுட்டாங்க. தொழிலும் நொடிச்சுப் போச்சு. குளிர்காலம் வந்தால் படகும் ஓடாது.

1818 டிசம்பர் 24 அன்று மோர் தன் கவிதையை ஃபிரான்ஸ் சேவர் குரூபரிடம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்னார். குரூபர் நெசவாளி மகன். பக்கத்துக் கிராமமான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளிக்கூட வாத்தியார், ஓபெர்ண்டோர்ஃப் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அன்றைக்கே மெட்டு தயார். அந்த ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து பாடினாங்க. கிட்டார் வாசித்தவர் மோர். ஆர்கன் இருக்கும்போது கிட்டார் எதுக்கு? எலி ஆர்கனின் துருத்தியைக் கடிச்சுட்டது என்று ஒரு கதை சொல்வாங்க. நல்ல கதைதான். ஆனால் குரூபர் பின்னால் எழுதி வச்சதில் எலியே வரலை.

ஆறெட்டுத் தாளத்தில் ஆடி ஆடிப் போகிற மெட்டு அது. தொட்டிலை ஆட்டுற கை தானாகவே பிடிக்கிற தாளம். நம்ம தாலாட்டுக்குப் பழகின காதுக்கு அது அந்நியமாத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

ஆற்றங்கரையில் பிறந்த பாட்டு வெளியூருக்குப் போன கதை இன்னும் சுவாரசியம். ஆர்கன் வேலையாக அங்கே வந்துபோன கார்ல் மௌராகர் இதைத் தன் சொந்த ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போனார். அவர் டிரோல் மலைப் பகுதியில் இருக்கும் சில்லர்டால் பள்ளத்தாக்குக்காரர். அங்கே நிலம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். அதனால் குளிர்காலத்தில் வியாபாரத்துக்கு வெளியூர் கிளம்புவது அந்த ஜனங்களின் வழக்கம். அப்படி ஸ்ட்ராஸர் என்ற குடும்பம் ஜெர்மனியின் லைப்ஸிக் சந்தையில் கையுறை விற்றது. கூட்டம் சேர்க்கப் பாட்டும் பாடினாங்க. நாளாவட்டத்தில் கையுறையைவிடப் பாட்டுக்கே கூட்டம் வந்தது. 1830-களின் தொடக்கத்தில் லைப்ஸிக் நகர மேடைகளிலேயே பாடினாங்க. பிறகு டிரெஸ்டனில் இந்தப் பாட்டு 'டிரோல் நாட்டுப் பாடல்' என்று அச்சானது. அதே பள்ளத்தாக்கின் இன்னொரு குடும்பமான ரைனர் குழு, 1839-ல் நியூயார்க் வரைக்கும் கொண்டுபோயிடுச்சு.

'நாட்டுப் பாடல்' என்று அச்சடித்ததோடு எழுதினவர் பேரும் மெட்டுப் போட்டவர் பேரும் காணாமல் போச்சு. இவ்வளவு நல்ல பாட்டை யாரோ பெரிய ஆள்தான் செஞ்சிருக்கணும் என்று நினைச்சாங்க. 1854-ல் பெர்லின் அரசவை இசைக்குழுவிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு விசாரணை வந்தது: இது மைக்கேல் ஹைடன் எழுதினதா?

அப்ப குரூபருக்கு 67 வயசு. அந்த டிசம்பர் 30-ம் தேதி உட்கார்ந்து, இன்ன நாள், இன்ன ஊர், எழுதினவர் மோர், மெட்டுப் போட்டவன் நான் என்று சுருக்கமாக எழுதினார். லைப்ஸிக் புத்தகத்தில் பாட்டு கொஞ்சம் மாறிவிட்டது என்று சொல்லி, மூலத்தையும் கூட வச்சு அனுப்பினார். மோருக்கு அது தெரியாது. 1848-லேயே வாக்ரைன் என்ற மலையூரில், கையில் ஒன்றுமில்லாமல் காலமாகிவிட்டார். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. குரூபர் எழுதிக் கொடுத்த பிறகும் சந்தேகம் முழுசாத் தீரலை. 1995-ல் மோரின் சொந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. எழுதிய வருஷம் 1816 என்பது அதிலிருந்துதான் உறுதியாச்சு.

1914-ல், முதல் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸ் ராத்திரி, பதுங்குகுழியிலிருந்து ஜெர்மன் சிப்பாய்கள் இதைப் பாட, எதிர்ப்பக்கம் ஆங்கிலச் சிப்பாய்கள் கேட்டாங்க. சில இடங்களில் ரெண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வச்சது. அன்றைக்குப் பாடினவங்களில் எத்தனை பேருக்கு மோர் பேர் தெரிஞ்சிருக்கும்?

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க வயல்தான் ஞாபகம் வந்தது. நடவுக்கு வர்ற பெண்கள் வரிசையாக நின்று பாடின பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மத்தவங்க பின்பாட்டு. அதையெல்லாம் நாம் 'நாட்டுப்புறப் பாட்டு' என்று ஒரே மூட்டையில் கட்டி வச்சுட்டோம். ஆனால் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருத்தி முதல்முறை இட்டுக்கட்டித்தான் பாடியிருப்பாள். அவளுக்கும் ஒரு பேர் இருந்தது. கடிதம் எழுத அவளுக்குக் குரூபர் மாதிரி எழுத்துத் தெரியாது. யார் எழுதினதுன்னு கேட்டு எந்த அரண்மனையிலிருந்தும் ஆள் வரலை. இப்ப நடவு மெஷின் வந்தாச்சு. அதோட சத்தத்தில் யார் பாடப் போறாங்க?

போன ரெண்டு வருஷமா ஒரு நோட்டு போட்டிருக்கேன். எங்க ஊரில் பாடத் தெரிந்த வயசான பெண்கள் ஏழு பேர் இருக்காங்க. பாட்டை எழுதிட்டு, இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னும் கேட்டு அந்தப் பேரையும் எழுதிக்கிறேன். சில பாட்டுக்கு மூணு தலைமுறைப் பேர் கிடைச்சிருக்கு. ஒரு பாட்டுக்கு மட்டும், கட்டினவங்க பேரே கிடைச்சது.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்க இல்லையா? உங்க அப்பத்தாவோ அம்மாச்சியோ இன்னும் பாடுறாங்கன்னா, போனில் பதிவு பண்ணுங்க. கூடவே, இது யார் கட்டினதுன்னு ஒரு வார்த்தை கேட்டு எழுதி வையுங்க.