நிக் டிரேக்கைப் பற்றிய பேச்சு

நிக் டிரேக் என்ற ஆங்கிலப் பாடகர் 1969க்கும் 1972க்கும் இடையில் மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டார். வெளிவந்த காலத்தில் ஒவ்வொன்றும் ஐயாயிரம் பிரதிகளுக்கும் குறைவாகவே விற்றது. 1974 நவம்பர் 25ஆம் தேதி, இருபத்தாறாவது வயதில், பெற்றோர் வீட்டில் தன் அறையில் இறந்துபோனார். மனச்சோர்வுக்காகக் கொடுக்கப்பட்டிருந்த மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தார். தற்கொலை என்று மரண விசாரணையில் முடிவாயிற்று. விபத்தாக இருக்கலாம் என்று அவரை அறிந்தவர்களில் சிலர் கருதினார்கள். தகவல் என்று பார்த்தால் இவ்வளவுதான். மீதியெல்லாம் ரசிகர்களின் பேச்சு. நான் எழுத விரும்புவது இந்தப் பேச்சின் சரித்திரத்தை.

பேச்சு என்பதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தத் தட்டுகள் இன்றைக்குக் கேட்கக் கிடைப்பதற்குப் பேச்சும் ஒரு காரணம். ஆனால் அதே பேச்சு அந்தப் பாடல்களின் மேல் ஒரு திரையையும் போட்டுவிட்டது. காப்பாற்றியவர்களே மறைக்கவும் செய்தார்கள் என்பதுதான் விஷயம். முந்நூறு பேருக்காக எழுதுகிற நமக்கு இதில் அக்கறை இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

டிரேக் பிறந்தது ரங்கூனில், 1948 ஜூன் 19. தகப்பனார் ரோட்னி டிரேக், பாம்பே பர்மா வர்த்தகக் கம்பெனியில் எஞ்சினியர், அதாவது தேக்கு மர வியாபாரம். அக்கா கேப்ரியல் பிறந்தது லாகூரில், பிற்பாடு நடிகையானார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் இங்கிலாந்து திரும்பி, டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. தாயார் மாலி பியானோவில் தானே பாட்டுக் கட்டி வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய வீட்டுப் பதிவுகள் 2013இல் தனித் தட்டாக வந்தபோது, மகனின் குரலில் உள்ள அந்த ஒதுக்கம் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் விளங்கியது. மார்ல்பரோவில் பள்ளிப் படிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்து, 1969இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். ஆங்கில இலக்கியம் படித்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் அவரைக் கேட்ட ஆஷ்லி ஹட்சிங்ஸ், தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொன்னார். ஹட்சிங்ஸ் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். நாட்டுப்பாடலையும் ராக் இசையையும் இணைத்த அந்த வட்டத்துக்குள்தான் டிரேக்கின் வருகையும். முதல் தட்டு 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' 1969இல் வந்தது. பாய்ட் ஏற்பாடு செய்த இசை அமைப்பாளர் எழுதிய தந்தி வாத்தியப் பகுதி டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் கூடப் படித்த ராபர்ட் கர்பியை அழைத்து வரலாம் என்றார். கர்பி அதுவரை தொழில்முறையில் எதுவும் செய்தவரல்ல. கூச்ச சுபாவி என்று பெயரெடுத்த இருபது வயதுப் பையன், தன் முதல் பதிவிலேயே தயாரிப்பாளரின் ஆளை மறுத்துத் தன் ஆளைக் கொண்டுவந்தான். டிரேக்கைப் பற்றிய புலம்பல்களில் இந்தச் சம்பவம் அதிகம் அடிபடுவதில்லை. அடிபட்டால் புலம்பல் கொஞ்சம் தடுமாறும்.

அந்தத் தட்டில் 'ரிவர் மேன்' என்று ஒரு பாடல். ஐந்து எண்ணிக்கைத் தாளம். கண்ட நடை பழகிய காதுக்கு இது விநோதமாகப் படாது. நான்கையே எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி மிஞ்சிக்கொண்டே இருக்கும். கிதார் சலனமில்லாமல் அதைச் சுற்றி வருகிறது. குரல் தாளத்தின் மேல் நேராக உட்காராமல் சற்றுப் பின்தங்கி வந்து சேர்கிறது. கர்பி இந்த ஒரு பாடலுக்கு மட்டும் தன்னால் எழுத முடியாது என்று ஒதுங்கிக்கொள்ள, திகில் படங்களுக்கும் இசை எழுதிய ஹாரி ராபின்சன் எழுதினார். வயலின்கள் நுழையும் இடத்தில் பாடல் பெரிதாவதில்லை. வெளிச்சம் மாறுகிறது, அவ்வளவுதான். டிரேக்கின் ஆகச் சிறந்த பாடல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். 'பிங்க் மூன்' கட்சியைச் சேர்ந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

ஏன் விற்கவில்லை? அவர் ஒரு மேதை, உலகம் செவிடு என்று ரசிகர்கள் சொல்லிவந்தார்கள். காரணங்கள் இதைவிட எளிமையானவை. டிரேக் பாட்டுக்குப் பாட்டு கிதாரின் சுருதியை மாற்றுபவர். தந்திகளை வழக்கமான சுருதியிலிருந்து இறக்கியும் ஏற்றியும், ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தனி ஏற்பாடு. மேடையில் இதற்கு நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பேசிச் சிரிக்கவைக்கும் திறமை அவருக்குக் கிடையாது. 1969 செப்டம்பரில் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், உட்கார்ந்து கேட்கிற சபையில், ஃபேர்போர்ட் குழுவுக்கு முன்னால் பாடியபோது நன்றாகவே போயிற்று. குடியும் பேச்சுமாக இருந்த விடுதி மேடைகளில் எடுபடவில்லை. 1970லேயே மேடைக் கச்சேரிகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பத்திரிகைக்குப் பேட்டி என்று ஒன்றே ஒன்று, 1971இல், அதிலும் சொல்லும்படியாக எதுவும் பேசவில்லை. பெரியவரான பின் அவரைக் காட்டும் அசையும் படம் ஒன்றுகூடக் கிடையாது. கச்சேரி இல்லை, பேட்டி இல்லை என்றால் தட்டு விற்காது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

இரண்டாவது தட்டு 'பிரைட்டர் லேட்டர்' 1971இல். டிரம்ஸ், பித்தளை வாத்தியங்கள், ஜான் கேல், வாய்ப்பாட்டே இல்லாத மூன்று துண்டுகள் என்று பெரிய ஏற்பாடு. அதுவும் போகவில்லை. பாய்ட் தன் கம்பெனியை ஐலண்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போனார். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, டிரேக் 'பிங்க் மூன்' தட்டைப் பதிவு செய்தார். ஒரு குரல், ஒரு கிதார். முதல் பாடலில் மட்டும் சிறிது பியானோ. மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. பதிவான நாடாவை ஐலண்ட் அலுவலக வரவேற்பு மேஜையில் ஒரு பையில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார் என்று ஒரு கதை பல வருஷம் நடமாடியது. உண்மையில் நிறுவனத் தலைவர் கிறிஸ் பிளாக்வெல்லிடம் நேரில் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் பின்னால் சொன்னார்கள். வரவேற்பு மேஜைக் கதைதான் இன்னும் சொல்லப்படுகிறது. கொடுத்துவிட்டுப் போனார் என்பதைவிட விட்டுவிட்டுப் போனார் என்பதில் ஒரு ருசி இருக்கிறது போலும்.

பேச்சு அவர் உயிரோடிருக்கும்போதே தொடங்கிவிட்டது. 1974இல் 'ஜிக்ஜாக்' பத்திரிகையில் அவரைத் தேடுவதாக ஒரு கட்டுரை வந்தது. இறந்து சில மாதங்களில், 1975 தொடக்கத்தில், நிக் கென்ட் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' இதழில் நீண்ட அஞ்சலி எழுதினார். இரண்டுக்கும் நடுவில் விழுந்த மரணம் எல்லாவற்றையும் மாற்றியது. இனிமேல் பாடல்களைப் பற்றிப் பேசினால் அந்த அறையில் போய் முடிய வேண்டும் என்று ஒரு விதி ஏற்பட்டுவிட்டது.

ஆனால் தட்டுகள் எப்படித் தப்பின என்று பார்த்தால், இந்த அஞ்சலிகளைவிட முக்கியமாக இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, கம்பெனியை விற்கும்போது பாய்ட் வைத்த நிபந்தனை: டிரேக்கின் தட்டுகளைப் பட்டியலிலிருந்து எடுக்கக்கூடாது. இதை அவரே சொல்லியிருக்கிறார். வங்கியில் பத்திரங்களை வரி வரியாகப் படிக்கிற வேலை என்னுடையது. பிணமாகக் கிடக்கும் ஒரு கணக்கை ஒற்றை ஷரத்து எத்தனை வருஷம் உயிரோடு வைத்திருக்கும் என்பதை அறிவேன். விற்காத தட்டு ஏதாவது ஒரு கடையில் ஒற்றைப் பிரதியாகவாவது கிடைத்துக்கொண்டிருந்தது. ஒருவன் வாங்கி இன்னொருவனுக்குப் போட்டுக் காட்டினான்.

மற்றது, பெற்றோரின் வாசல் கதவு. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து டான்வொர்த் வீட்டுக்கு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்துகூட வந்தார்கள். ரோட்னியும் மாலியும் அவர்களை உள்ளே அழைத்து, மகனின் அறையைக் காட்டி, வீட்டில் பதிவான நாடாக்களைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி, கள்ளத் தட்டுகளாகவும் வெளிவந்தன. ரோட்னி 1988இலும் மாலி 1993இலும் இறந்தார்கள். முன்பின் தெரியாதவன் கதவைத் தட்டி, இறந்துபோன மகனைப் பற்றிக் கேட்கிறான். இவர்கள் பதில் சொல்கிறார்கள். இப்படியே ஏறத்தாழப் பத்து வருஷங்கள். ரசிகர் சரித்திரத்தில் எனக்கு மிகவும் சங்கடமான, மிகவும் மரியாதைக்குரிய பகுதி இது.

1979இல் மூன்று தட்டுகளையும் சேர்த்து 'ஃப்ரூட் ட்ரீ' என்ற பெட்டியாக ஐலண்ட் வெளியிட்டது. அதுவும் விற்கவில்லை. 1983இல் பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1986இல் பாய்ட் தன் சொந்த ஹன்னிபல் நிறுவனத்தின் மூலம், வெளிவராத பாடல்களையும் ஒரு தட்டாகச் சேர்த்து, மறுபடி கொண்டுவந்தார். இடையில் 1985இல் டிரீம் அகாடமி என்ற குழு டிரேக்குக்குச் சமர்ப்பணம் செய்த ஒரு பாடல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பெருவாரியாக விற்றது. சமர்ப்பணம் விற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்கு வைத்த பெயர்தான் திரையின் தொடக்கம் என்பேன். 'ஃப்ரூட் ட்ரீ' முதல் தட்டில் உள்ள ஒரு பாடல். இறந்த பிறகே புகழ் வரும் என்பது அதன் பொருள். இதை ரசிகர்கள் தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டார்கள்: பாருங்கள், தன் முடிவு அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இதோடு நிற்கவில்லை. முதல் தட்டின் பெயர் சிகரெட் சுற்றும் தாள் கட்டில் இருக்கும் வாசகம். கட்டு தீரப்போகிறது, இன்னும் ஐந்து தாள்தான் என்று எச்சரிப்பது. 1969உடன் ஐந்தைக் கூட்டினால் 1974 என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கிளி ஜோசியம் இதைவிட மேல்.

டிரேக் ஆங்கில இலக்கிய மாணவர் என்று முன்னால் சொன்னேன். பிறகு வரும் புகழ் என்பது ஆங்கிலக் கவிதையில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து புழங்கிப் பழகிய பொருள். கிரே கிராமத்துக் கல்லறைகளுக்கு நடுவே நின்று அறியப்படாதவர்களைப் பற்றி யோசித்தார். 1770இல் பதினேழு வயதில் விஷத்தால் இறந்த சாட்டர்ட்டனை ரொமாண்டிக் கவிகள் தங்கள் தியாகியாக வரித்துக்கொண்டார்கள். கீட்ஸ் 'எண்டிமியன்' காவியத்தையே அவருக்குச் சமர்ப்பித்தார். இருபது வயதில் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறவன் இப்படி ஒரு பாட்டு எழுதுவது இயல்பு. அது ஒரு மரபுக்குள் செய்த பயிற்சி, நல்ல பயிற்சி. சொந்த ஜாதகம் அல்ல. அதே கருத்தில் எழுதிவிட்டு எழுபது வயது வரை சௌக்கியமாக இருந்தவர்களும் உண்டு. அவர்களை யாரும் தீர்க்கதரிசி என்பதில்லை. சாட்டர்ட்டன் விஷயத்திலும், வேண்டுமென்றே குடித்தாரா, மருந்து அளவு தவறியதா என்று பிற்கால ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சித்திரம் மட்டும் மாறவில்லை.

மரணத்தைச் சாவியாக வைத்துத் திறந்தால் எல்லாப் பாடலும் ஒரே அறையைத்தான் காட்டும். 'பிரைட்டர் லேட்டர்' தட்டில் உள்ள நகைச்சுவை அப்போது காதில் விழாது. 'பிங்க் மூன்' எளிமையை ஒரு நோயாளியின் இயலாமை என்று வாசிக்க வேண்டிவரும். முந்தைய தட்டின் ஜோடனை அவருக்கே திருப்தி தரவில்லை, அதனால் வாத்தியங்களைக் கழித்தார் என்ற நேரான விளக்கம் எடுபடாது. ஆனால் அந்தக் கிதார் வாசிப்பைக் கேளுங்கள். கட்டைவிரல் ஒரு கணக்கிலும் மற்ற விரல்கள் வேறொரு கணக்கிலும் போகின்றன. எங்கும் பிசிறு இல்லை. இரண்டு இரவுகளில் இப்படி வாசிக்கக் கை தயாராக இருந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் நோயாளியாக இருந்தார் என்பது வேறு; மகனின் நோயைப் பற்றித் தகப்பனார் வைத்திருந்த நாட்குறிப்பின் பகுதிகள் 2014இல் அச்சில் வந்தன, அதைப் படித்தால் யாரும் நோயை அழகுபடுத்திப் பேச மாட்டார்கள். 1974லும் அவர் பதிவுக் கூடத்துக்குப் போய்ச் சில பாடல்களைப் பதிவு செய்தார். அடுத்த தட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது.

ரசிகர்களில் நான் வணங்குகிற ஒரு கூட்டம் உண்டு. டிரேக் தன் சுருதிகளை எங்கும் முறையாக எழுதிவைக்கவில்லை. கிதார் வாசிக்கத் தெரிந்த சிலர் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, எந்தத் தந்தி எந்த ஸ்வரத்தில் நின்றால் இந்த ஒலி வரும் என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் திருத்தினார். தனிமை, துயரம், மென்மை என்ற வார்த்தைகளுக்கு அங்கே வேலையில்லை. ஆறு தந்திகளைப் பற்றியே பேச்சு. டிரேக்கைப் பற்றி நடந்த உருப்படியான விமர்சனம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1999 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார் விளம்பரம் போட்டது. இரவில் நான்கு பேர் திறந்த காரில் போகிறார்கள், பின்னணியில் 'பிங்க் மூன்'. அதற்கு முந்தைய முப்பது வருஷத்தில் விற்றதைவிடச் சில மாதங்களில் அதிகம் விற்றது என்று சொன்னார்கள். பழைய ரசிகர்களில் பலருக்கு ஆத்திரம். தங்கள் ரகசியத்தைக் காருக்கு விற்றுவிட்டார்கள் என்று. எனக்கு இந்த ஆத்திரம் புரிகிறது, மரியாதை இல்லை. நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் டிரேக். கேட்காதது அவரை வருத்தியது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் கிடைக்காத கூட்டம் கடைசியில் வந்தபோது, கூட்டம் கூடாது என்று வாசலில் நின்றவர்கள் அவருடைய ரசிகர்கள். புறக்கணிப்பைத் தகுதிச் சான்றிதழாகப் பிடித்துக்கொண்ட வட்டம் இப்படித்தான் வந்து சேரும். நம்முடைய பத்திரிகைகளின் சந்தாப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கார் ஞாபகம் வருகிறது.

2025இல் முதல் தட்டு உருவான விதத்தைக் காட்டும் பதிவுகளைத் தொகுத்து ஒரு பெட்டி வந்தது. கைவிட்ட வடிவங்கள், பாதியில் நின்றவை, மறுபடி தொடங்கியவை. அதில் 1968இல் கேம்பிரிட்ஜில் பதிவான ஒரு நாடாவும் இருக்கிறது. கர்பிக்காகப் பதிவு செய்தது. பாடல்களுக்கு நடுவே பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஒருவன், எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரலாம் என்று தன் யோசனையைச் சொல்கிறான். சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போகிறான்.