விக்ரோலி: நான்கு எழுத்தா, எட்டா?

விக்ரோலி என்னும் மும்பை ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால் வி, க், ரோ, லி என 4 எழுத்துகள். பைத்தான் மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 8 என்று விடை வரும். யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக எண்ணினால் 24. மூன்றும் பிழையில்லாத விடைகளே. எழுத்து என்று எதைக் கொள்கிறோம் என்பதே வேறுபாடு.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. விக்ரோலியைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே உருவான முதல் தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. தட்டச்சுப் பொறியின் விசைகளோ சில பத்துகள். தமிழ் எழுத்துகள் 247. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா இந்த நெருக்கடியை முன்னரே தீர்த்திருந்தார். புள்ளியையும் இகரக் குறியையும் ‘நகரா விசை’களாக்கினார்: அவற்றை அழுத்தினால் குறி பதியும், தாளுருளை நகராது, அடுத்து அழுத்தும் வகரம் அந்தக் குறியோடு சேர்ந்து ‘வி’ ஆகும். ‘ரோ’வுக்குக் கொம்பு, ரகரம், கால் என மூன்று தட்டல்கள். கண் காணும் வரிசையே விரல் தட்டும் வரிசை.

1991இல் வந்த யூனிகோடு, ‘இஸ்கி’ என்னும் இந்தியக் குறிமுறையை அடியொற்றி இந்த வரிசையை மாற்றியது. முதலில் மெய்யின் அகரமேறிய வடிவம், பின்பு துணைக்குறி. ககரத்தோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. மெய்யே முதல், அகரம் ஏறினால் உயிர்மெய் என்பது தமிழ் இலக்கண மரபு. கணினியில் அது தலைகீழாயிற்று. தமிழறிஞர் பலர் இதை எதிர்த்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 குறிமுறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். ஆனால் உலகின் இயங்குதளங்கள் யூனிகோடின் பக்கமே நின்றுவிட்டன.

இதன் விளைவு நிரலாளர் எழுதும் ஒற்றை வரியில் தெரியும். ‘கோவிந்தன்’ என்னும் சரத்தின் முதல் உறுப்பைக் கேட்டால் பைத்தான் தருவது ‘க’, ‘கோ’ அன்று. அதை அப்படியே தலைப்பெழுத்தாக அச்சிட்டால் தந்தையின் பெயர் மாறிப்போகும். திருத்துவதும் எளிதன்று. ‘விக்ரோலி’யில் ஓகாரக் குறி 5ஆம் எண்ணில் இருக்கிறது (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது). அவ்விடத்தில் நேரடியாகக் காலை வைக்க முனைந்தால் பிழைச் செய்தியே வரும். பைத்தானின் சரம் மாற்ற முடியாதது. முன்பகுதி, புதிய குறி, பின்பகுதி மூன்றையும் ஒட்டிப் புதுச்சரம் படைக்க வேண்டும். தட்டச்சர் தாளை உருவிவிட்டு வேறு தாளில் மீண்டும் அடித்ததற்கு இது நெருங்கிய உறவு.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் சமமல்ல. இரண்டாம் வகையில் விக்ரோலியின் நீளம் 9. தட்டச்சுப் பொறியில் முத்தையா முறைப்படி விழும் தட்டல்களும் 9தான். பெயர்ப்பட்டியல்களில் இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்று கணினி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வழி பைத்தானிலேயே இருந்தும் பலர் அதை நாடுவதில்லை.

2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழி, கண் காணும் எழுத்தையே அலகாகக் கொண்டு விக்ரோலிக்கு 4 என்றே விடை தருகிறது. பைத்தானுக்கு ‘ஓப்பன்-தமிழ்’ நூலகம் அதே வேலையைச் செய்கிறது. ‘க்ஷ’வைக் கொடுத்தால் ஸ்விஃப்டும் 2 என்கிறது.