எண்சாண் உடம்பும் அதன் அளவைகளும்

எண்சாண் உடம்பு என்பது நம் முன்னோர் வழக்கு. ஒருவன் தன் கையால் அளப்பின் அவன் உயரம் ஏறக்குறைய எட்டுச் சாணாக அமையும் என்பது அதன் கருத்து. நெட்டையன் சாண் நெடிது; குட்டையன் சாண் குறிது. அளப்பவனும் அளக்கப்படுபவனும் ஒருவனே ஆதலின், அயலான் கோல் ஒன்று இடையே புகுந்து தீர்ப்புக் கூறுவதில்லை. இக்காலத்திலோ உடலின் நிறையையும் நலத்தையும் மதிப்பிடப் பல சுட்டெண்கள் வழங்குகின்றன. அவை எங்கே, யாரை அளந்து, எந்நோக்கத்துக்காக ஆக்கப்பட்டன, நம்மவர்க்கு அவை எத்துணைப் பொருந்தும் என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசோதனை நிலையத்தில் என் உயரத்தையும் நிறையையும் எடுத்தனர். உயரம் 168 சென்றிமீற்றர். நிறை 64 கிலோகிராம். கணக்கிட்டு 22.7 என எழுதி, “நிறை சரியாக உள்ளது, ஐயா” என்று கூறி அனுப்பினர். யானும் மகிழ்ந்து வீடு திரும்பினேன். அடுத்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக எடுத்த குருதிப் பரிசோதனையில் நீரிழிவு இருப்பது வெளிப்பட்டது. அளந்தவர் பிழை செய்திலர், கணக்கும் பிழையன்று. அவ்வாறாயின் பிழை எங்கே உளது?

22.7 என்னும் அவ்வெண்ணின் பிறப்பிடம் பெல்சியம் நாடு. அந்நாட்டு வானியலறிஞர் அடோல்ப் கெற்றலே (1796–1874) விண்மீன்களைக் கணிக்கும் முறையால் மனிதரையும் கணிக்க முற்பட்டவர். ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை 1835ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார். ஓர் உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் அதன் நிறை உயரத்தின் கனத்துக்கேற்பப் பெருகுதல் வேண்டும். ஆனால் வளர்ந்தோரிடையே நிறை உயரத்தின் வர்க்கத்துக்கேற்பவே பெருகுவதை அவர் கண்டார். நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் கொண்டு, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. கெற்றலே தேடியது மக்கட் கூட்டத்தின் பொதுவியல்பையே. தனியொருவன் நோயாளியோ நலமுடையவனோ என்பதை அவர் தேடினாரல்லர்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் போல் புரோக்காவின் பெயரால் வழங்கும் விதி இதனினும் எளிது. சென்றிமீற்றரில் உயரத்தை எழுதி நூறைக் கழித்தால் தகுந்த நிறை கிலோகிராமில் கிடைக்கும் என்பது அது. இருபதாம் நூற்றாண்டில் நிறையைத் தம் தொழிலுக்கு வேண்டியதாகக் கருதியோர் ஆயுட் காப்புறுதி நிறுவனத்தார். எவர் விரைவில் இறப்பார் என்பதை முன்னறிவது அவர்க்கு வாணிக இலாபம். ஐக்கிய அமெரிக்காவின் மெற்றோபொலிற்றன் நிறுவனம் 1942–43ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 1959ஆம் ஆண்டிலும் உயர நிறை அட்டவணைகளை வெளியிட்டது. காப்புறுதி எடுக்க வசதி படைத்தோரின் ஏடுகளிலிருந்து எழுந்த அட்டவணைகள் அவை.

கெற்றலேயின் பழைய விகிதத்துக்குப் புத்துயிர் அளித்தவர் அமெரிக்க உடலியலறிஞர் அன்செல் கீஸ். அவரும் உடனாய்வாளரும் 1972ஆம் ஆண்டில் 7,400க்கு மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஆராய்ந்து, பல சுட்டெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தோல்மடிப்பின் தடிப்பால் அறியப்படும் கொழுப்போடும் வைத்து நோக்கினர். குறையற்றதாக இல்லாவிடினும் ஏனையவற்றுக்குத் தாழ்ந்ததன்று எனக் கண்டு, கெற்றலேயின் விகிதத்துக்கு உடற்றிணிவுச் சுட்டெண் என்னும் பெயரைச் சூட்டினர். அளக்கப்பட்டோர் ஐக்கிய அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, யப்பான், தென்னாபிரிக்கா ஆகிய ஐந்து நாட்டினர். அவருள் பெண்கள் இலர். இந்தியரும் இலங்கையரும் இலர். எனினும் அச்சுட்டெண்ணே உலகப் பொதுக்கோலாயிற்று. 25க்கு மேற்பட்டோர் நிறை மிகுந்தோர் என்றும், 30க்கு மேற்பட்டோர் உடற்பருமன் உடையோர் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் நாடெங்கும் பரவின.

மற்றொரு நெறியும் இதற்கிடையே வளர்ந்து வந்தது. கொழுப்பு எவ்வளவு உளது என்பதினும் எங்கே உளது என்பதே முதன்மை எனப் பிரெஞ்சு மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலேயே கூறினார். வயிற்றில் திரளும் கொழுப்பு, தொடையிலும் இடுப்பின் கீழும் படியும் கொழுப்பினும் தீயது என்பது அவர் துணிபு. சுவீடன் நாட்டுக் கோதென்பர்க்கு நகரில் 54 வயதுடைய 792 ஆண்களைப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 1984ஆம் ஆண்டில் அதனை வலியுறுத்தியது. பின்னர்க் கேரளத்தில் பிறந்து கனடாவிற் பணிபுரியும் சலீம் யூசுப் என்னும் மருத்துவ அறிஞரின் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் ஆய்வு நிகழ்ந்தது. மாரடைப்பை முன்னறிவிப்பதில் உடற்றிணிவுச் சுட்டெண்ணினும் இடை இடுப்பு விகிதமே வலியது என 2005ஆம் ஆண்டில் அவ்வாய்வு காட்டியது. இலங்கையும் உள்ளிட்ட தென்னாசிய நாட்டார்க்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனையோர்க்கு 58.8 என்றும் அதன் ஒரு பகுதி தெரிவித்தது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஆறாண்டு என்பது சிறிதன்று.

நம்மவர் உடலமைப்பின் வேறுபாட்டை யாவரும் நினைவில் நிறுத்தும்படி காட்டியவர் பூனா நகர மருத்துவர் யாஜ்னிக். அவரும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம்மையே சான்றாக்கி 2004ஆம் ஆண்டில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டெண் 22.3. ஆயின் யுட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரே எண் இருவேறு உடல்களைக் குறித்து நின்றது. இவ்வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது என்பதும் அவருடைய முடிபு. பூனாப் பகுதிக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோகிராமும், இங்கிலாந்தின் சௌதாம்தன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோகிராமும் நிறையுடன் பிறந்தனர். நம் பக்கத்துக் குழந்தையின் தசை குறைந்ததேயன்றித் தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. தாயின் ஊட்டக் குறை மகவின் உடலில் இவ்வாறு எழுதப்படுகிறது. அவுத்திரேலியாவில் வாழும் இலங்கை வழிச் சிறாரும் அதே சுட்டெண்ணுடைய வெள்ளையச் சிறாரினும் மிகுந்த கொழுப்புடையர் என 2005ஆம் ஆண்டில் வெளிவந்த விக்கிரமசிங்க முதலியோரின் ஆய்வு கூறிற்று. ஊரை விட்டுச் சென்றாலும் உடல் மரபு உடன் செல்கிறது.

இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்னும் எண்களையும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளுமாறு 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. எல்லையை மாற்றுவதால் யாது விளையும் என்பதற்கு நம் நாடே சான்று. 2005–06ஆம் ஆண்டுகளில் பிரசாத் கட்டுலந்தவும் உடனாய்வாளரும் நடத்திய நீரிழிவு, இருதய நோய் ஆய்வில் உலகப் பொது எல்லைப்படி நிறை மிகுந்தோர் நூற்றுக்கு 16.8, உடற்பருமன் உடையோர் 3.7. ஆசிய எல்லைப்படி அதே மக்களுள் முன்னவர் 25.2; பின்னவர் 9.2. மக்கள் மாறவில்லை, தராசும் மாறவில்லை, கோடு ஒன்றே மாறிற்று. முன்பு ஐவரில் ஒருவராக இருந்தோர் பின்பு மூவரில் ஒருவராயினர்.

இவ்வாய்வைப் பற்றித் திருக்கோணமலையார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே அது நிகழ்ந்தது. போரினால் வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. ஐந்து நாட்டுக் கணக்கில் இலங்கையர் இலர். இலங்கைக் கணக்கில் நாம் இலோம். போர் 2009ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. அக்காலத்துள் நம் வாழ்க்கையோ பெரிதும் மாறிவிட்டது. 1957ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை நீங்கிய துறைமுகத்தில், சீனன்குடாக் கரையில் 1980ஆம் ஆண்டு தொடக்கம் கோதுமை மா அரைக்கப்படுகிறது. குரக்கனும் மரவள்ளியும் இருந்த இடத்தில் பாணும் கொத்துரொட்டியும் அமர்ந்தன. கரைவலை இழுத்த கைகள் இயந்திரப் படகின் சுக்கானைப் பிடிக்கின்றன. கால்நடையாகச் சென்ற ஆசிரியன் மோட்டார் சைக்கிளிற் செல்கிறான். பஞ்சத்துக்குப் பழகிய உடல் மிகுதியை எதிர்கொண்டு நிற்கிறது.

இனி இவ்வளவைகளை ஒப்பு நோக்குவாம். என் உடலையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். புரோக்காவின் விதிப்படி என் நிறை 68 கிலோகிராம் ஆதல் வேண்டும். எனவே யான் நான்கு கிலோகிராம் குறைந்தவன். உடற்றிணிவுச் சுட்டெண்படி, ஆசிய எல்லையாகிய 23க்கும் உட்பட்டவன். ஆனால் என் இடைச்சுற்று 94 சென்றிமீற்றர். தென்னாசிய ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. இடுப்புச் சுற்று 95 ஆதலின் விகிதம் 0.99, ஆண்களுக்கு எல்லை 0.90, பெண்களுக்கு 0.85. இடையை உயரத்தால் வகுக்க 0.56 வரும், எல்லை 0.5. முதலிரண்டு அளவைகளும் என்னைப் போற்றின. பின் மூன்றும் எச்சரித்தன. குருதிப் பரிசோதனை பின்னவற்றின் பக்கமே நின்றது.

இதனால் உடற்றிணிவுச் சுட்டெண் பயனற்றது என்று கொள்ளலாகாது. ஊரார் அனைவரின் நிலையையும் எளிதிற் கணிக்க அது தக்க கருவியே. 18.5க்குக் குறைந்தோரைக் காட்டி ஊட்டக் குறையை அறியவும் அது உதவும். ஆனால் தசையையும் கொழுப்பையும் அது பிரித்தறியாது. மூட்டை சுமக்கும் தொழிலாளியும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எழுத்தரும் அதன் முன் ஒன்றே. துறைமுகத்தில் பண்டத்தை ஏற்றுவோனுக்கு நிறை ஒன்றே போதும். உடம்பை அறிய விரும்புவோனுக்கு அது போதாது. இடையளவுக்கும் குறையுண்டு. நாடாவைத் தளர்த்தியோ இறுக்கியோ பிடித்தால் அளவு பிழைக்கும். கீழ் விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளத்தல் வேண்டும். எந்த அளவையும் குருதிப் பரிசோதனைக்கு ஈடாகாது.

இடைச்சுற்று உயரத்தின் பாதியைத் தாண்டலாகாது என்பது இங்கிலாந்தின் மாகிரற்று அசுவெல் முதலிய அறிஞர் வற்புறுத்திய விதி. அந்நாட்டு மருத்துவ வழிகாட்டு நிறுவனமும் 2022ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. எண்சாண் உடம்பில் பாதி நான்கு சாண். அவரவர் கைச்சாணால் இடை நான்கு சாணுக்குள் அடங்குக என்பதன்றி இவ்விதி வேறன்று. ஒரு கயிற்றைத் தன் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இடையிற் சுற்றிப் பார்த்தால் எழுத்தறியாதாரும் தம் நிலையை அறிவர். அரைஞாண் இறுகுவதைக் கண்டு பிள்ளையின் வளர்ச்சியை அறிந்த தாய்மார் மரபு நம்முடையது. வளர்ந்தவனின் அரைஞாண் இறுகும்போது அதனைத் தளர்த்திக் கட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

ஆகவே கல்லூரியை விட்டு நீங்கி உத்தியோகத்திலும் வாணிகத்திலும் அமர்ந்துள்ள பழைய மாணவர்க்கும், உடன் தொழில் புரியும் ஆசிரியர்க்கும் யான் கூறக்கூடியது இதுவே. தராசு காட்டும் எண்ணைக் கேளுங்கள். ஆனால் அவ்வெண் யாரை அளந்து பிறந்தது என்பதையும் கேளுங்கள். நாற்பதைக் கடந்தவர் நிறை சரியென்று மகிழ்ந்து திரும்பாது, இடையை ஒருமுறை அளந்து, குருதியையும் சோதித்துக்கொள்வாராக. யான் ஓராண்டு பிந்தினேன், பிறர் பிந்தவேண்டியதில்லை.