மன்னிப்புக்குப் பின் ஈடுசெய்தல்: ஓசூர்ப் பகுதியை முன்வைத்து மனமாற்றம், அருள் பற்றிய ஓர் ஆய்வு

மனிதர் திருந்துவதால் இறைவன் மன்னிக்கிறாரா, மன்னிப்பு வந்து தொட்டதால் மனிதர் திருந்துகிறாரா என்பது கிறிஸ்தவ இறையியலின் பழைய கேள்வி. மனித முயற்சியை முன்னிறுத்திய பெலாஜியுசை மறுத்த புனித அகுஸ்தீன் அருளே முந்தியது என்றார். 529இல் ஒராஞ்சு சங்கம் அதை உறுதிசெய்தது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் 1999இல் ஒப்பமிட்ட கூட்டறிக்கையிலும் அதுவே நிலைப்பாடு. ஆகவே எது முந்தியது என்பதில் இன்று பெரிய வழக்கில்லை. முந்தி வந்த அருள் மனிதரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதே ஆராயவேண்டியது.

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயு எரிகோவின் தலைமை வரி தண்டுபவர். ஜிஎஸ்டிக்கு முன் ஜூஜூவாடி வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் காத்து நின்றதை அறிந்த ஓசூர்க்காரர்களுக்கு, சரக்குப் பாதையில் வரி தண்டும் பதவியின் வலிமையை விளக்கவேண்டியதில்லை. சக்கேயு வாய் திறக்கும் முன்பே இயேசு அவர் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகுதான் பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏய்த்ததற்கு நான்கு மடங்கு என்ற பேச்சு வருகிறது. எண்ணிக்கை நூல், குற்றத்தை ஒப்புக்கொண்டவரிடம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைத்தான் கூடுதலாகக் கேட்கிறது. சட்டம் கேட்டதைவிட அருள் பெற்றவர் தாமாகத் தந்தது அதிகம். சக்கேயு ஏற்கெனவே செய்துவந்ததைத்தான் சொன்னார் என்பது விவிலிய அறிஞர் ஃபிட்ஸ்மையர் போன்றோரின் வாசிப்பு. ஆனால் இழந்துபோனதைத் தேடி மீட்கவே வந்ததாக இயேசு அந்நிகழ்ச்சியை முடிப்பதோடு அது பொருந்தவில்லை.

தொடக்கத் திருச்சபையில் நீண்டகாலப் பரிகாரம் முடிந்த பின்பே ஒப்புரவு கிடைத்தது. இடைக்காலத்தில் இவ்வரிசை மாறியது: முதலில் பாவமன்னிப்பு, பிறகு பரிகாரம். 1973இல் வெளியான ஒப்புரவுச் சடங்கு நூலும் இதையே பின்பற்றுகிறது. அருளின் முதன்மையை இம்மாற்றம் அழகாகக் காத்தது. ஆனால் பரிகாரம் சில செபங்களாகச் சுருங்கியது. இது பெரிய இழப்பு.

1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்துக்குள் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை அடங்குவதால், இவ்விழப்பு இங்கே நேரடியாகத் தெரியக்கூடியது. ஓர் ஆள்சப்ளை ஒப்பந்ததாரர் தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப்.புக்காக 12 சதவீதம் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாமல் விட்டார் என்று கொள்வோம். தவக்காலத்தில் அவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார், மன்னிப்பும் பெறுகிறார். தொழிலாளியோ ஒடிசாவுக்கோ பீகாருக்கோ போய்விட்டார். இழந்தவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது அத்தொகையை அவர் பெயரால் தருமம் செய்யலாம் என்கிறார் தாமஸ் அக்குவினாஸ். இந்த ஒப்பந்ததாரருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. யுஏஎன் என்ற நிரந்தர பி.எஃப். எண் இருக்கும்வரை அந்தத் தொழிலாளி கண்டுபிடிக்க முடியாதவர் அல்லர். கோவில் உண்டியலில் போடும் பணம் அந்தக் கணக்கை நேர்செய்யாது.

இதனால் ஈடுசெய்தல் மன்னிப்பின் விலையாகிவிடுமா என்று லுத்தரன் மரபு கேட்கும். சக்கேயுவின் வரிசையே அதற்கு விடை: விருந்தாளி முதலில் வந்துவிட்டார், பணம் பிறகே வருகிறது. கையில் ஏதுமில்லாதவரையும் இக்கடமை நசுக்குவதில்லை. உடனே தர இயலாதவர் பணத்துக்கு உரியவரிடமே போய்த் தள்ளுபடியோ தவணையோ கேட்கவேண்டும் என்பது அக்குவினாசின் தீர்ப்பு.