கறுப்புத் திராட்சை, வெள்ளை ஒயின்

வருசநாட்டு மலைக்கு மேற்கே இறங்கினா கம்பம் பள்ளத்தாக்கு. அங்க பந்தல் பந்தலா தொங்குற பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருத்தர் கொண்டுவந்ததா சொல்றாங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு, மக்களே. இந்த ரகத்தோட பேர் மஸ்கட் ஹாம்பர்க். அது இங்கிலாந்துல பிறந்ததே 1850 வாக்கில்தான். அப்போ அவர் கொண்டுவந்தது வேற கொடியா இருக்கணும், இல்ல வருஷம் தப்பா இருக்கணும்.

சரி, ஒயினுக்கு வருவோம். தோல்தான் கறுப்பு, சாறு வெளுப்பு. பிழிஞ்ச உடனே தோலை ஒதுக்கிட்டா வெள்ளை ஒயின்! சீனாவோட தியான்ஜின்ல, 1980-ல் பிரெஞ்சுக் கூட்டோட தொடங்கின டைனஸ்டி கம்பெனி இதைத்தான் செஞ்சுது. கிரீஸோட டிர்னவோஸ்ல சக்கையைக் காய்ச்சி சிப்புரோங்கிற சாராயம் இறக்குறாங்க. கம்பத்துல? வருஷம் முழுக்க காய்க்குது. பெரும்பாலும் பழமாவே விக்குது. உங்க தெரு ஜூஸ் கடையில கிரேப் கேட்டா வர்றதும் அநேகமா இதுதான்.