கடன்பற்று அட்டை: 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் கடன் எப்போது முடியும்?

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குறிப்பேட்டில் அரிசி, பருப்பு, சீனி என மாதம் முழுவதும் வாங்கியவற்றைக் கடைக்காரர் எழுதி வைப்பார். சம்பள நாளன்று கணக்குக் கூட்டப்படும். பாக்கி ஏறிக்கொண்டே போனால், "முதலில் பழையதைக் கட்டுங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளிலும் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் வேலை செய்கிறார்கள். 555 புத்தகத்தின் இடத்தில் அவர்கள் கையில் கடன்பற்று அட்டை இருக்கிறது. கடைக்காரரைப் போல வங்கி முகத்துக்கு நேரே எதுவும் சொல்வதில்லை. "இவ்வளவு கட்டினால் போதும்" என்று மாதக் கணக்கறிக்கையில் ஒரு வரி மட்டும் இருக்கும். பலருடைய சிக்கல் அந்த வரியில்தான் தொடங்குகிறது.

யாருக்குக் கிடைக்கும்?

2011-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா கொண்டுவந்த விதிகளின்படி, அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். அதாவது மாதம் 2,000 ரிங்கிட். ஆண்டுக்கு 36,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் சம்பாதிப்போர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு இரு மாத வருமானத்தைத் தாண்டக் கூடாது.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்த அடிப்படைச் சம்பளம் மட்டும் வாங்கும் தொழிலாளி இந்த எல்லையைத் தொட மாட்டார். ஓவர்டைம் பணம் சேரும்போதுதான் பலர் தகுதி பெறுகிறார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால் சம்பளம் இறங்கும். அட்டைக் கடன் இறங்காது. எனவே அட்டைச் செலவை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுவது நல்லது.

வட்டி எப்படி ஏறுகிறது?

கணக்கறிக்கைத் தேதியிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத் தவணை உண்டு. ஆனால் அது முழுத் தொகையையும் கட்டுபவருக்கே பயன்படும். பாக்கி வைத்தால் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி. தொடர்ந்து 12 மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியவருக்கு 15 விழுக்காடு. 12 மாதத்தில் 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17. அதற்கும் குறைந்தால் 18. தவணை தவறினால் தாமதக் கட்டணமும் சேரும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். தீபாவளிக்கு 3,000 ரிங்கிட் செலவு. வட்டி 15 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இதில் எது அதிகமோ அது. அட்டையை மேற்கொண்டு தேய்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஏறக்குறைய 150 ரிங்கிட் கட்ட வேண்டும். பாக்கி குறையக் குறைய இந்தத் தொகையும் குறையும். கடனோ இழுத்துக்கொண்டே போகும். முடிவதற்கு 4 ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 800 ரிங்கிட்டைத் தாண்டும்.

அதே கடனுக்கு, வங்கி கேட்கும் தொகை இறங்கினாலும் மாதம் 150 ரிங்கிட்டை நிறுத்தாமல் கட்டினால் 2 ஆண்டில் முடிந்துவிடும்; வட்டி 500 ரிங்கிட்டுக்குள் நிற்கும். மாதம் 300 ரிங்கிட் கட்ட முடிந்தால் 11 மாதம் போதும். வட்டி ஏறக்குறைய 225 ரிங்கிட். அறிக்கையில் இறங்கி வரும் தொகையைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது என்பதே இந்தக் கணக்கு சொல்லும் பாடம்.

கவனிக்க வேண்டியவை

அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி இருப்பதால் பயன்படுத்தாத அட்டையை மூடிவிடலாம். சம்பளம் வந்ததும் வாடகை, பள்ளிச் செலவு, மோட்டார் தவணை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் அடங்கும் செலவுக்கு மட்டும் அட்டையைத் தேய்ப்பது பாதுகாப்பு. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' தவணைகளையும் கடனாகவே எழுதிக் கூட்ட வேண்டும்.

கடன் முற்றிவிட்டால்?

அட்டைக் கடனை அடைக்க ஆலோங்கிடம் போவது எரியும் அடுப்பிலிருந்து தீயில் விழுவது போன்றது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தேவைப்பட்டால் வங்கிகளுடன் பேசி, கட்டக்கூடிய மாதத் தவணையை அமைத்துத் தரும். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவணை பல மாதம் தவறிய பிறகு போவதைவிட, தவறப் போகிறது என்று தெரிந்தவுடனே போவது எளிது. கடன் கட்டிய வரலாறு சிசிஆர்ஐஎஸ் பதிவில் தெரியும் என்பதால், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த முன்யோசனை உதவும்.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அந்தச் சேமிப்பில் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடக்கக் காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் கெடாவின் புக்கிட் சிடிமும் ஒன்று. பால் வெட்டிய கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டமே வாங்கின. அந்தப் பத்து வெள்ளிப் பழக்கத்தைக் கடன் அடைப்பதிலும் காட்டினால், அட்டைக் கடன் அடுத்த தீபாவளி வரை நீளாது.