தாயிருந்தும் அநாதைகள்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியிற் சிறுவர் இல்லங்களும் மிஷன் பயணங்களும்

1

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் தோற்றம் பற்றிப் பேசுவோர் தவறாது குறிப்பிடும் நூல்களுள் ஒன்று, திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’ ஆகும். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு வீரகாதைக் கதையின் தழுவல் அது. அதனை நாவல் எனக் கொள்ளலாமா என்ற விவாதம் ஆய்வாளரிடையே உண்டு. இக்கட்டுரைக்கு அவ்விவாதம் முக்கியமன்று. கதையின் பொருளே முக்கியமானது.

மூல ஐரோப்பியக் கதையிலே, பொய்க் குற்றம் சாட்டப்பட்டு நாடுகடத்தப்பட்ட அரசி ஒருத்தி காட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். ஒன்றைக் கரடி தூக்கிச் செல்கிறது. அதனைத் தேடி அவள் ஓடும் வேளையில், அவ்வழியே வந்த மன்னன் மற்றக் குழந்தையைக் கண்டெடுத்து அரண்மனைக்குக் கொண்டு செல்கிறான். ஒருவன் காட்டிலும் மற்றவன் அரண்மனையிலும் தாயற்றவர்களாக வளர்கின்றனர். தாயோ உயிருடனேயே இருக்கிறாள். பிள்ளையை எடுத்தவனின் கருணை உண்மையானதே. ஆயினும் தாய் எங்கே என்ற கேள்வி அக்கருணையின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

துறைமுக நகரொன்றின் கத்தோலிக்கத் தமிழர் ஒருவர் இக்கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதே துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியில் இன்றுள்ள சிறுவர் இல்லங்களையும், அவற்றுக்குத் தொண்டு செய்யவெனக் கடல்கடந்து வரும் கிறிஸ்தவக் குழுக்களையும் நோக்கும்போது இதே கேள்வி மீண்டும் எழுகிறது. இத்தொண்டின் வரலாற்று அடிப்படையையும் அதனுள் அடங்கியுள்ள சமூக உறவுகளையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

திருகோணமலையின் வரலாறு துறைமுகத்தின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் ஆலயத்தை இடித்து அவ்விடத்திலே கோட்டை அமைத்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமைக்கும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தமைக்கும் காரணம் ஒன்றே: இந்து சமுத்திரத்திற் கடற்படையை நிறுத்துவதற்கு இதனையொத்த இயற்கைத் துறைமுகங்கள் அரியன. 1957 ஒக்டோபரிலே பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. தளத்தை நம்பிக் கூலியுழைப்பால் வாழ்ந்த குடும்பங்களுக்கு அது தேசிய வெற்றியாகவும், அதேவேளை தொழில் நெருக்கடியாகவும் அமைந்தது.

மதப்பணியும் இக்கடல்வழியே வந்தது. 1814இலே வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கையை அடைந்தனர். அவர்களுள் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்குச் சென்று ஓராண்டு நிறையுமுன்பே அங்கு மரித்தார். 1893இலே திருகோணமலை தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமாக்கப்பட்டுப் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அவர்களது இடத்துக்கு அமெரிக்க இயேசு சபையினர் வந்தனர். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி அவர்களுள் ஒருவர். பிரெஞ்சுக்காரரின் இடத்துக்கு அமெரிக்கர் வந்தமை சபையின் உள்நிர்வாக மாற்றம் மட்டுமன்று. உலகில் நிதி திரண்டிருக்கும் இடம் மாறியதையும் அது உணர்த்துகிறது எனலாம்.

எனினும், அக்கால மிஷனரியையும் இன்றைய பயணிகளையும் ஒன்றாகக் கருதுவது வரலாற்றுத் தவறாகும். ஓல்ற் போன்றோர் திரும்பும் திகதி குறிக்காது வந்தவர்கள். மொழி கற்று, பள்ளி நிறுவி, இம்மண்ணிலேயே புதைக்கப்பட்டோர் பலர். இன்று வருவோர் திரும்பும் விமானச்சீட்டுடன் வருகின்றனர். ஆகாய விமானப் பயணம் மலிவான பின்னர், குறிப்பாக 1960இல் அமெரிக்காவில் ‘யூத் வித் எ மிஷன்’ போன்ற இளைஞர் இயக்கங்கள் தோன்றிய பின்னர் வளர்ந்த வடிவம் இது. பத்து அல்லது பதினான்கு நாட்கள் தங்குவர், சுவருக்கு நிறம் பூசுவர், விவிலியக் கதையும் பாட்டும் கற்பிப்பர், பரிசுப்பொதி வழங்குவர், படம் எடுத்துக்கொள்வர், விடைபெறுவர்.

3

வந்து போவோர் புதியவர்கள். ஆனால் கொடுப்போனுக்கும் பிள்ளைக்குமிடையிலான உறவு பழையது. யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிய அமெரிக்க மிஷன் தனது விடுதிப் பாடசாலைகளுக்கு அமெரிக்கத் திருச்சபையினரிடமிருந்து நிதி திரட்டிய முறை இங்கு நோக்கற்பாலது. கொடையாளர் ஒருவர் குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் செலவை ஏற்பார்; அப்பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் சூட்டப்படும். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்களில் இவ்வழக்கத்தின் சுவட்டைக் காணலாம். ‘பாவலர் சரித்திர தீபகம்’ போன்றதொரு நூலைத் தந்த கல்வி மரபு இவ்வாறான நிதியிலேதான் வேரூன்றியது. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. பெண்களுக்கும் வசதியற்றோருக்கும் எழுத்தறிவின் வாயில் திறந்ததில் இவ்விடுதிகளுக்கு முக்கிய பங்குண்டு. ஆனால் கொடையோடு பெயரும் வந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. பிள்ளையை அடையாளப்படுத்தும் உரிமை பெற்றோரிடமிருந்து பணம் தருவோருக்கு மாறியது.

1950இல் அமெரிக்காவிற் தொடங்கிய ‘வேர்ல்ட் விஷன்’, கொரியப் போரின் அநாதைகளுக்கென 1953இலே ஆரம்பித்த சிறுவர் ஆதரவுத் திட்டம் இதே உறவை உலகளாவியதாக்கியது. பெயர் சூட்டும் வழக்கத்தின் இடத்தைப் பிள்ளையின் புகைப்படமும் கடிதமும் பிடித்துக்கொண்டன. மிஷன் பயணமோ இன்னும் ஒருபடி மேற்சென்றுள்ளது. கொடையாளரே நேரில் வந்து தமது கொடையின் பயனைக் காண்கிறார்.

இந்த அமைப்பு கிறிஸ்தவர்களோடு நின்றுவிடவில்லை. மிஷனை எதிர்த்தெழுந்த சைவ மறுமலர்ச்சி, மிஷனின் நிறுவன வடிவங்களையே கைக்கொண்டது. மெதடிஸ்தப் பள்ளியிற் பயின்ற ஆறுமுகநாவலர் 1848இலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மெதடிஸ்தரிடமும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற விபுலாநந்த அடிகளின் முயற்சியால், 1925இலே திருகோணமலை இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான விடுதிகளும் இல்லங்களும் அவ்வழியே தோன்றின. சமயம் மாறினும் ‘கொடையாளர் – இல்லம் – பிள்ளை’ என்ற உறவுமுறை மாறவில்லை. இன்றும் பிறந்தநாளுக்கோ தந்தையின் நினைவு நாளுக்கோ இல்லமொன்றுக்கு மதிய உணவு வழங்குமாறு கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்பும் நமது உறவினர்கள் அதே வரிசையிலேயே நிற்கின்றனர்.

4

அரசு என்ன செய்தது? 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டமும் குடியேற்ற ஆட்சிக் காலத்தன. பின்னையது இல்லங்களைப் பதிவு செய்து கண்காணிப்பதற்கான ஏற்பாடு. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது இடதுசாரிகள் அதனை வரவேற்றனர், வரவேற்றது சரியே. ஆனால் வகுப்பறை பொதுவுடைமையான பின்னும் வறிய பிள்ளையின் உணவும் படுக்கையும் தர்மத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. கல்வியை உரிமை என்று கொண்ட நமது அரசியல், பராமரிப்பை அவ்வாறு கொள்ளவில்லை. இது இடதுசாரி இயக்கம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

இவ்வெற்றிடத்தின் மீதே போரும் கடற்கோளும் வந்து விழுந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து திருகோணமலை மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2006இலே சம்பூர், மூதூர்ப் பகுதிகள் மீண்டும் போர்க்களமாயின.

ஆயினும், ஆழிப்பேரலையில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுட் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டவர்கள் உறவினர்களே. பேர்த்தியைத் தாய்வழிப் பாட்டியும், தமக்கையின் மகனைச் சிறிய தாயும் தம் குடிசைகளுக்கு அழைத்துச் சென்றனர். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டமும் வளர்ப்புக் குடும்ப முறைக்கு இடமளித்தது.

அப்படியாயின் இல்லங்களில் இருந்தோர் யார்? 2005ஆம் ஆண்டளவில் இலங்கையின் தனியார் சிறுவர் இல்லங்கள் பற்றி மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றின் முடிவை, சிறுவருக்கெதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. அங்கிருந்த பிள்ளைகளில் 92 வீதமானோருக்குப் பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உயிருடன் இருந்தனர். 40 வீதத்துக்கு மேற்பட்டோர் வறுமை காரணமாகச் சேர்க்கப்பட்டிருந்தனர். இது முழு நாட்டுக்குமுரிய கணக்கு. ஆனால் போரும் கடலும் தொழிலின்மையும் ஒருங்கே தாக்கிய கிழக்கில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

5

வறிய தாய்க்குத் திறந்திருந்த வழிகள் சிலவே. அவற்றுள் ஒன்று மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்வது. திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலிருந்து அவ்வாறு சென்றோர் பலர். அங்கே அவள் பிறர் பிள்ளையைக் கூலிக்குப் பராமரிக்கிறாள். அவளது பிள்ளை இங்கே பிறரது தர்மத்தாற் பராமரிக்கப்படுகிறது. 2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதை அரசு சுற்றறிக்கை மூலம் தடுத்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றிய 2022இல் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. தாய்மையின் புனிதம் செலாவணி நிலைமைக்கேற்ப மாறியதை இதனின்றும் அவதானிக்கலாம்.

தாயின் உழைப்பைக் கடல்கடத்தும் அதே உலகப் பொருளாதாரமே தொண்டரை இங்கு கொண்டுவருகிறது. தொண்டர் தங்கியிருக்கும் நாட்களிலே பிள்ளைகளும் ஒருவகையில் உழைக்கின்றனர். வரவேற்புப் பாட்டுப் பாடுதல், மாலையிடுதல், அழைத்தவுடன் மடியில் வந்து அமர்தல், விடைபெறும்போது அழுதல் யாவும் அவ்வுழைப்பில் அடங்கும். அடுத்த ஆண்டின் நன்கொடை பெரும்பாலும் இவற்றையே நம்பியிருக்கும். இவ்வாறு, கொடைக்காகப் பிள்ளைகள் தேவைப்படும் நிலை உருவாகிறது. பிள்ளைகளை வீடுகளுக்குத் திருப்பி அனுப்புவதில் வெற்றிபெறும் இல்லம் தன் வருமானத்தை இழக்கிறது. நல்ல மனம் படைத்த நிர்வாகியும் இம்முரண்பாட்டிலிருந்து தப்ப இயலாது.

உண்மையான பராமரிப்பைச் செய்வோர் புகைப்படங்களில் இடம்பெறுவதில்லை. விடியுமுன் எழுந்து சமைக்கும், காய்ச்சலில் விழித்திருக்கும் உள்ளூர்ப் பெண்ணின் பெயர் எந்தத் திருச்சபை அறிக்கையிலும் வராது. சர்வதேச உதவி என்பதன் சுமையை யார் தாங்கினர் என்பதற்கு இத்துறைமுகத்தின் எதிர்க்கரையே சாட்சி. 2006 ஓகஸ்ட் 4ஆம் நாள் மூதூரிலே, பிரெஞ்சு உதவி நிறுவனமாகிய ‘அக்‌ஷன் கொன்ட்ர் லா ஃபாம்’ என்பதன் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம், அனைவரும் இந்நாட்டவர்.

6

இவ்விமர்சனத்தைப் பேரினவாதிகளின் குரலோடு குழப்பிவிடக் கூடாது. 2003இலே திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை இலங்கையின் உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்மானித்தது. போதனையும் தொண்டும் இணைந்திருந்தமையே அங்கு ஆட்சேபத்துக்குள்ளானது. 2005இலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அத்தீர்மானம் சமய சுதந்திரத்தை மீறியது எனக் கண்டது. 2004இலே ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமும் இதே கருத்துநிலையிற் பிறந்தது. இவர்களுக்குப் பிள்ளை எந்த மதத்துக்குரியது என்பதே கவலை. நமது கவலையோ, பிள்ளை ஏன் வீட்டில் இல்லை என்பது. பௌத்த, சைவ, கிறிஸ்தவ, முஸ்லிம் இல்லங்கள் அனைத்துக்கும் இக்கேள்வி பொதுவானது.

உலகளவிலும் இக்கேள்வி இப்போது கேட்கப்படுகிறது. வறுமை மட்டுமே காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தலாகாது என 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் கூறுகின்றன. 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழுவொன்று, நவீன அடிமைமுறை பற்றிய தனது அறிக்கையில் அநாதை இல்லச் சுற்றுலாவையும் ஆராய்ந்தது. திருச்சபைகளுள்ளும் சிந்திப்போர் சிலர், பயணச் செலவைக் குடும்பங்களுக்கு ஆதரவாகத் திருப்ப முயல்கின்றனர். வரவேற்கத்தக்க மாற்றம், ஆயினும் போதாது. கிழக்கு மாகாணத்தின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குப் போதிய நிதியும் ஆளணியும் கிடைக்கவேண்டும். விதவைத் தாய்க்கு நிரந்தர உதவித்தொகை வேண்டும். துறைமுகத்தைச் சூழ்ந்த ஆலைகளிலே கௌரவமான கூலி வேண்டும். 2022 ஜனவரியில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பாக இந்திய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வல்லரசுகள் இவ்வளவு மதிக்கும் துறைமுகத்தின் கரையிலே ஒரு தாய் தன் பிள்ளையைத் தானே வளர்க்க இயலாதிருப்பது வளப் பற்றாக்குறையால் அன்று. வளத்தின் மீதான உரிமை அவளிடம் இல்லாமையால்.

இன்னாசித்தம்பி தழுவிய கதை, மூலத்தில், தாயும் மக்களும் ஒருவரையொருவர் கண்டடைவதோடு நிறைவெய்துகிறது. வீரகாதைகளில் தற்செயலும் தெய்வ அருளும் அதனைச் சாதிக்கின்றன. வரலாற்றில் அதனைச் சாதிக்க வேண்டியோர் மனிதர். இல்லத்து வாசலில் இறங்கும் தொண்டரும், இலண்டனிலிருந்து மதிய உணவுக்குப் பணம் அனுப்பும் நம்மவரும் முதலிற் கேட்கவேண்டியது ஒன்றே: இப்பிள்ளையின் தாய் எங்கே, அவளுக்கு என்ன வேண்டும்? அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், தர்மத்தின் எல்லை எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்பது தானே புலனாகும்.